பகுதிநேர நெயில் டெக்னீஷியனுக்கு முதல் முப்பது வாடிக்கையாளர்கள்: முழுமையான வழிகாட்டி

நெயில் ஆர்ட் கோர்ஸ் முடித்த கையோடு பலரும் செய்கிற முதல் வேலை, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்குவது. தொடங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள்.

வாரநாட்களில் உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. சனிக்கிழமை மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர், நடுவில் இரண்டு மாலைகளில் ஒவ்வொருவர். மொத்தம் வாரத்துக்கு 8 பேர். அதற்கு மேல் போனால் கழுத்தும் முதுகும் தாங்காது. இனி நகத்தின் கணக்கு. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அதனால் ஜெல் பாலிஷ் (லேம்ப் வெளிச்சத்தில் வைத்து இறுகவைக்கும் பூச்சு) போட்ட மூன்றாவது வாரம் அடியில் இடைவெளி தெரியத் தொடங்கிவிடும், அப்போதுதான் அவர் திரும்பி வருவார். வாரத்துக்கு 8 இடம், மூன்று வாரச் சுற்று என்றால் 24 பேர். சிலர் நாலு வாரம் கழித்து வருவார்கள், சிலர் ஊருக்குப் போயிருப்பார்கள். அதையும் சேர்த்து 30 பேர் இருந்தால் உங்கள் டைரியில் இடமே இருக்காது.

ஆக, தேவைப்படுவது பத்தாயிரம் ஃபாலோயர் இல்லை. நாலைந்து கிலோமீட்டருக்குள் வசிக்கிற, மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிற முப்பது பெண்கள். கீழே இருக்கிற எல்லாப் படிகளும் அந்த முப்பது பேரைச் சேர்த்து, தக்கவைத்துக்கொள்வதற்காகத்தான். கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் எனக்குப் பழக்கம் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும். மதுரையிலோ திருச்சியிலோ இருந்தாலும் கணக்கு மாறாது.

படி 1: விளம்பரத்துக்கு முன் கை நிலைக்கட்டும்

புதிதாக வருகிறவரிடம் எந்த வாடிக்கையாளரும் பிரமாதமான டிசைனை எதிர்பார்ப்பதில்லை. ஐந்தாம் நாள் ஓரம் தூக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைக்கிறார். அதனால் முதலில் பத்து பேரை மாடலாகப் பிடித்துச் செய்து பாருங்கள். இலவசமாகச் செய்யாதீர்கள், பொருள் செலவையாவது வாங்கிக்கொள்ளுங்கள். இலவசமாக வந்தவர் நாலு நாளில் பெயர்ந்தாலும் வாய் திறக்க மாட்டார். காசு கொடுத்தவர் சொல்லிவிடுவார், அது உங்களுக்கு வேண்டும்.

பத்து பேரும் உங்கள் வீட்டு ஆட்களாக இருக்க வேண்டாம். தினமும் சமைத்துப் பாத்திரம் கழுவுகிற ஒருவர், எட்டு மணி நேரம் கீபோர்டில் தட்டுகிற ஒருவர், ஹாஸ்டல் மாணவி ஒருவர், நகம் கடிக்கிற பழக்கம் உள்ள ஒருவர் என்று கலந்து பிடியுங்கள். ஒவ்வொருவரிடமும் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் கையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நோட்டில் எந்த விரல், எந்தப் பக்கம் தூக்கியது என்று எழுதுங்கள். பத்து பேர் முடிவதற்குள் உங்கள் பலவீனம் தெரிந்துவிடும். எல்லோருக்கும் வலது கை கட்டைவிரலில் தூக்குகிறதென்றால் நீங்கள் கையைப் பிடிக்கும் கோணத்தில் ஏதோ கோளாறு.

தூக்குவதற்கான காரணங்கள் பெரும்பாலும் தயாரிப்பு வேலையில்தான் இருக்கும். நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய க்யூட்டிகிள் படலத்தை முழுதாக எடுக்காமல் விடுவது, எண்ணெய்ப் பசை போகாமல் பேஸ் கோட் (அடிப்பூச்சு) போடுவது, ஜெல் தோலைத் தொட்டுவிடுவது, ஒரே பூச்சாகக் கனமாகப் போடுவதால் உள்ளே வேகாமல், அதாவது லேம்ப்பில் முழுதாக இறுகாமல் போவது, ஒரு கம்பெனி ஜெல்லுக்கு வேறு ஏதோ விலை குறைந்த லேம்ப்பைப் பயன்படுத்துவது. இத்துடன் நம் ஊருக்கே உரிய ஒன்று: சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேராக வந்து உட்கார்வார்கள். "வர்ற அன்னைக்குக் கையில, தலையில எண்ணெய் வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று மஞ்சள். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். வெள்ளை, நியூட், பேபி பிங்க் போட்டுக்கொண்டு போனவர் மறுநாளே சாம்பார் சாதம் பிசைவார், நுனியில் மஞ்சள் ஏறும். வெளிநாட்டு வீடியோக்களில் இந்தப் பாடம் வராது. கறை பிடிக்காத டாப் கோட்டாக (மேல்பூச்சாக) பார்த்து வாங்குங்கள், நுனியைச் சுற்றி முழுதாக மூடுங்கள். தினமும் சமைக்கிறவருக்கு முதல் தடவை மெரூன், பழுப்பு கலந்த பிங்க், அடர் பச்சை மாதிரி நிறங்களைச் சொல்லுங்கள். நீளமும் அப்படித்தான். கொஞ்சமே நீட்டிய, பாதாம் போன்ற ஆல்மண்ட் வடிவம் போட்டால் மாவு பிசையலாம், பட்டனும் போடலாம். நீளமாக, நுனி தட்டையாக இருக்கும் காஃபின் வடிவம் கேட்டு வருகிற இல்லத்தரசிகளில் பலர் இரண்டாம் தடவை வருவதில்லை. அவர்களுக்கு நகம் பிடிக்காமல் போகவில்லை, வேலைதான் நடக்கவில்லை.

படி 2: சுத்தம், அலர்ஜி

ஒரு பெண் உங்களை நாலு பேரிடம் சொல்வதற்கும், ஒருவரிடமும் சொல்லாமல் நின்றுவிடுவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்.

உலோகக் கருவிகளைச் சோப்பு போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினிக் கரைசலில் லேபிளில் சொன்ன நேரம் முழுக்க மூழ்கவைக்க வேண்டும். நீல வெளிச்சம் வரும் 'ஸ்டெரிலைசர்' பெட்டி இதற்கு ஈடாகாது. சுத்தம் செய்ததை எடுத்து வைக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம். ஃபைல், பஃபர், மரக்குச்சி ஆகியவற்றை முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது. ஒருவருக்குப் பயன்படுத்தியதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள், இல்லையென்றால் அவர் கண் முன்னாலேயே குப்பையில் போடுங்கள். அதைப் பார்த்தவர் வெளியே போய்ப் பேசுவார்.

அலர்ஜியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெல்லிலும், பொடியையும் திரவத்தையும் கலந்து போடும் அக்ரிலிக்கிலும் இருக்கிற அக்ரிலேட் வகைப் பொருட்கள் வேகாத நிலையில் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம். ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும். பிற்பாடு பல் மருத்துவத்தில் பயன்படுத்தும் பொருட்களோ, சர்க்கரை அளவைப் பார்க்க உடம்பில் ஒட்டும் சென்சாரோ கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஹெமா (HEMA) என்ற பொருள் உள்ள நகப் பூச்சுகளை ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். டிபிஓ (TPO) என்ற இன்னொரு பொருள் அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்யப்பட்டிருக்கிறது. நம்மூரில் பெயர் தெரியாத பாட்டில் 90 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று எடுக்காமல், உட்பொருள் பட்டியல் அச்சிட்ட பாட்டிலாக வாங்குங்கள். தோலில் ஜெல் பட்டால் லேம்ப்புக்குள் வைப்பதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். உங்களுக்கும் நைட்ரைல் கையுறை அவசியம், ஏனென்றால் வாடிக்கையாளருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உங்களுக்கு வாரம் எட்டு முறை.

பச்சை நிறம் தட்டிய நகம், தடித்து மஞ்சளாகி உதிரும் நகம், சுற்றிலும் வீங்கிய விரல், இவற்றின் மேல் எதையும் பூசாதீர்கள். "முதல்ல ஸ்கின் டாக்டரைப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்புங்கள், அன்றைக்கு வாங்கிய அட்வான்ஸையும் திருப்பிக் கொடுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தோல் வெட்டும் நிப்பரைக் கையில் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளிடம் பிரசவத் தேதிக்கு முன்னால் ரிமூவலுக்கு (பூச்சை எடுப்பதற்கு) ஒரு தேதி கொடுத்துவிடுங்கள். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும்போது பூச்சு இடைஞ்சலாகலாம் என்பதால் பல மருத்துவமனைகளில் எடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். இதை நீங்களே முந்திச் சொன்னால் அந்தக் குடும்பமே உங்களை நம்பும்.

படி 3: இடமும் நேரமும்

தொடக்கத்தில் வீட்டில் ஒரு மூலை போதும். ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். வெயில் பட்டால் ஜெல் பாட்டிலும் பிரஷும் இறுகிவிடும். வாடகை வீடென்றால் ஓனரிடமும், அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் திரவத்தின் வாடை வீடு முழுக்க நிற்கும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அதைத் தொடவே வேண்டாம், ஜெல் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் முடியாது என்றால், நெயில் வேலை செய்யாத பார்லர் ஒன்றில் ஞாயிறு மட்டும் ஒரு நாற்காலி கேட்கலாம். வருமானத்தில் பங்கா, நாள் வாடகையா என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். முக்கியமாக, வருகிறவரின் போன் நம்பர் யாருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். ஆறு மாதம் கழித்து அங்கிருந்து விலகும்போது சண்டை வருவது அதில்தான்.

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் செய்வது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மேஜை உயரம் சரியிருக்காது, கரண்ட் போகும், போக வர ஒரு மணி நேரம் கரையும். அப்படியும் போவதென்றால் போக்குவரத்துக்குத் தனியாக வாங்குங்கள். தெரிந்தவர் மூலம் வந்த பெண் வாடிக்கையாளர் வீட்டுக்கு மட்டும் போங்கள், வீட்டாருக்கு லைவ் லொக்கேஷன் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் வீட்டு முகவரியையும் எங்கேயும் பொதுவில் போடாதீர்கள். அட்வான்ஸ் வந்த பிறகு லொக்கேஷன் அனுப்பினால் போதும்.

நேரம் ஒதுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். செவ்வாயும் வெள்ளியும் நகம் வெட்டக்கூடாது, விளக்கு வைத்த பிறகும் கூடாது என்று பல வீடுகளில் இன்னும் பார்க்கிறார்கள். வாரநாள் மாலைக்குப் புதனையும் வியாழனையும் எடுத்துக்கொண்டால் கொஞ்சம் தொல்லை குறையும். ஐடி பெண்களுக்கு எந்தக் கிழமையும் சரி, அவர்களுக்கு எட்டு மணிக்கு மேல் ஸ்லாட் கிடைத்தால் சந்தோஷம்.

இப்போது பார்க்கும் வேலையின் ஆஃபர் லெட்டரில் வெளி வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள். 2022-இல் ஐடி கம்பெனிகளில் இது பெரிய விவாதமாகிப் போனது நினைவிருக்கும்.

படி 4: விலை

ஒரு ஜெல் பாலிஷுக்கு ஃபைல், வைப்ஸ், கையுறை, ஜெல் எல்லாம் சேர்த்து 100 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் தயார் செய்வது, பின்னால் சுத்தம் செய்வது உட்பட 2 மணி நேரம். மணிக்கு 200 ரூபாயாவது உங்கள் கைக்கு வர வேண்டும் என்றால் 500 வாங்க வேண்டும். இதையே '299 மட்டும்' என்று போட்டால் மணிக்கு நூறு ரூபாய்கூட நிற்காது. இந்தக் கணக்கை உங்கள் பொருள் விலையை வைத்து நீங்களே போட்டுப் பார்த்து, பக்கத்தில் மூன்று பார்லரில் என்ன வாங்குகிறார்கள் என்பதையும் விசாரித்து முடிவு செய்யுங்கள்.

தொடக்கச் சலுகை கொடுக்கலாம், ஆனால் முடியும் தேதியோடு. 'கார்த்திகை மாதம் வரை 400, அதற்குப் பிறகு 500' என்று வந்த அன்றே சொல்லிவிட்டால் பின்னால் சங்கடம் இல்லை. 70 சதவீதத் தள்ளுபடிக்கு வருகிறவர் அடுத்த தள்ளுபடிக்காரரிடம் போய்விடுவார். நம் முப்பது பேரில் அவர் கிடையாது.

ரிமூவலுக்குத் தனி விலை வையுங்கள். வேறு இடத்தில் போட்டுவந்த எக்ஸ்டென்ஷனை (நகத்தை நீட்டிப் போட்டதை) எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் போகும். ஆர்ட், கல், குரோம் பவுடர் இவற்றுக்கு விரல் கணக்கில் எழுதி வையுங்கள். விலைப்பட்டியல் ஒரே ஒரு படமாக வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். 'விலைக்கு டிஎம் பண்ணவும்' என்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கே கேட்கத் தோன்றாது.

படி 5: முதல் பத்து பேர்

இவர்கள் உங்கள் போனிலேயே இருக்கிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைத் தனி நம்பரில் போட்டு, தெரிந்தவர்களிடம் அந்த நம்பரைச் சேமித்துவைக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் பிராட்காஸ்ட் லிஸ்டில் நீங்கள் அனுப்புவது, உங்கள் நம்பரைச் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஸ்டேட்டஸ் அதைவிட நல்லது. யாரையும் தொந்தரவு செய்யாது, தினமும் பார்ப்பார்கள், ஆறாவது முறை பார்க்கும்போது கேட்பார்கள்.

அனுப்பும் செய்தி பொதுவாக இல்லாமல் ஆளுக்கேற்ப இருக்கட்டும். இப்படி:

"வணக்கம்ங்க அக்கா. நான் நெயில் கோர்ஸ் முடிச்சுட்டு வீட்லயே சனி, ஞாயிறு பண்றேன். ஜெல் பாலிஷ் இந்த மாசம் 400. அடுத்த வாரம் உங்க கல்யாண நாள் வருதுல்ல, அதுக்கு முன்னாடி வர்றீங்களா? சனிக்கிழமை 11 மணி, ஞாயித்துக்கிழமை 4 மணி ஃப்ரீயா இருக்கு."

இரண்டு நேரங்களைக் குறிப்பிட்டுக் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். 'எப்ப வேணா வாங்க' என்றால் யாரும் வர மாட்டார்கள்.

அபார்ட்மென்ட் குரூப்பில் போடுவதற்கு முன் அட்மினிடம் கேளுங்கள். வியாபாரச் செய்திக்கென்று தனி நாளோ தனி குரூப்போ சில இடங்களில் வைத்திருப்பார்கள். அதே அபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெண் இருப்பார். கொலுவுக்கு அவர் வீட்டில்தான் கூட்டம், யோகா வகுப்புக்கு அவர்தான் ஆள் சேர்ப்பார். அவருக்கு நன்றாகச் செய்து அனுப்புங்கள், போஸ்டர் ஒட்டுவதைவிட அது வேலை செய்யும். பீளமேடு பக்கம் கல்லூரிகளும் லேடீஸ் ஹாஸ்டல்களும் நிறைய. அங்கே ஒரு அறையில் ஒருத்தி வந்தால் மற்ற இருவரும் வருவார்கள். மாணவிகள் மாதாமாதம் வர மாட்டார்கள், செமஸ்டர் லீவில் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிறகு, நெயில் செய்யாத அழகுத்துறை ஆட்கள்: மெகந்தி போடுகிறவர், பிரைடல் மேக்கப் ஆர்ட்டிஸ்ட், புடவை ப்ரீ-ப்ளீட்டிங் செய்பவர், ஆரி வேலை பிளவுஸ் தைக்கும் பொட்டிக். இவர்களிடம் கார்டு கொடுத்துவிட்டு வருவதில் பயனில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கே ஒரு தடவை செய்துவிடுங்கள். மெகந்திக்காரர் நாள் முழுக்கப் பிறர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவர் விரல் நுனியைப் பார்க்காத பெண் இருக்க மாட்டார்.

மருத்துவமனை, உணவகச் சமையலறை போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்கள் ஜெல் போட முடியாது. தொழுகைக்கு ஒளு செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் முஸ்லிம் பெண்கள் பலர் பாலிஷ் தவிர்ப்பார்கள். இவர்களையெல்லாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு நாள் விசேஷத்துக்குப் போட்டு எடுத்துவிடும் ப்ரெஸ்-ஆன் (மேலே ஒட்டிக்கொள்ளும் செயற்கை நகங்கள்) செட் செய்து கொடுங்கள். பத்து விரலுக்கும் அளவு எடுத்துக்கொண்டால் இரவு ஆபீஸ் வேலை முடிந்து உட்கார்ந்து செய்யலாம், யாரும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. பகுதிநேரக்காரருக்கு இதைவிட வசதியான உபதொழில் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 6: இன்ஸ்டாகிராமும் கூகுளும்

இன்ஸ்டாகிராம் பெயரிலோ அறிமுக வரியிலோ ஏரியா பெயர் இருக்க வேண்டும். 'சரவணம்பட்டி நெயில் ஆர்ட்' என்று தேடுகிறவர்தான் வருவார். ரீல்ஸ் லட்சம் பேர் பார்த்தாலும் லூதியானாவில் இருப்பவர் உங்கள் நாற்காலியில் வந்து உட்காரப் போவதில்லை. போட்டோவைக் காலை வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், க்யூட்டிகிள் ஓரம் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். நம் தோல் நிறத்தில் அந்தப் பாலிஷ் எப்படித் தெரிகிறது என்பதுதான் பார்க்கிறவருக்கு வேண்டும். பின்ட்ரெஸ்ட் படத்தை எடுத்து உங்களுடையது போலப் போடவே கூடாது. அதே டிசைனைக் காட்டி ஒருவர் கேட்பார், அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள்.

பலர் போடாத ஒரு படம் உண்டு: போட்டு 14 நாள் ஆன கை. வளர்ந்த இடைவெளியோடு, தூக்காமல், பளபளப்பு குறையாமல் இருக்கிற அந்தக் கை, புத்தம் புதிய பத்துப் படங்களைவிட அதிகம் ஆள் கொண்டுவரும். போடுவதற்கு முன் கைக்குரியவரிடம் அனுமதி கேளுங்கள். மோதிரத்தையும் பச்சை குத்தியதையும் வைத்து மாமியார் கண்டுபிடித்துவிடுவார் என்று மறுப்பவர்களும் உண்டு.

கூகுளில் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது. வேலை முடிந்து போகிறவருக்கு ரிவ்யூ லிங்க்கை அன்று மாலையே அனுப்பிவிடுங்கள். ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதைக் கூகுள் அனுமதிப்பதில்லை, அதனால் சும்மா கேட்டாலே போதும்.

படி 7: நாற்காலியில் இருக்கும் ஒன்றரை மணி நேரம்

முப்பது பேர் சேர்வதும் சேராததும் இங்கேதான் தீர்மானமாகிறது.

வந்தவுடன் கையைப் பார்த்துக்கொண்டே நாலு கேள்வி கேளுங்கள்: போன தடவை எங்கே போட்டீர்கள், எத்தனை நாள் நின்றது, வீட்டில் பாத்திரம் யார் கழுவுகிறார்கள், எந்தக் கையில் சாப்பிடுகிறீர்கள். பதிலைப் பொறுத்து நீளத்தையும் நிறத்தையும் நீங்களே சொல்லுங்கள். அவர் காட்டும் படத்தில் இருப்பது அவர் நகத்துக்குச் சரிவராது என்றால் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். முடித்த பிறகு சொன்னால் சாக்குபோல இருக்கும்.

லேம்ப்பில் கை வைக்கும்போது சூடு ஏறலாம், ஏறினால் உடனே கையை எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம் என்று முன்பே சொல்லுங்கள். பேச விரும்புகிறவரிடம் பேசுங்கள், போன் பார்க்க விரும்புகிறவரை விட்டுவிடுங்கள். போன தடவை வந்தவர் சொன்ன அவரது குடும்பக் கதையை இவரிடம் சொல்வது மட்டும் கூடவே கூடாது. ஒரே அபார்ட்மென்ட்டில் ஐந்து பேர் வருகிறார்கள் என்றால், ஐந்து பேருக்கும் அது தெரியும்.

முடிந்ததும் காசு வாங்குவதற்கு முன் அடுத்த தேதி பேசுங்கள். "மூணு வாரத்துல இங்க கேப் தெரியும்ங்க. 21-ஆம் தேதி சனிக்கிழமை இதே 11 மணி போட்டு வைக்கட்டுமா? மாத்தணும்னா ரெண்டு நாள் முன்னாடி சொன்னா போதும்." இந்த ஒரு வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகினவருக்குப் பிறகு விளம்பரமே தேவைப்படாது. நம் ஆட்கள் 'அப்புறம் சொல்றேன்' என்பார்கள். அதற்கும் சரி என்று சொல்லி, பதினெட்டாம் நாள் ஒரு செய்தி அனுப்புங்கள்.

போகும்போது சொல்ல வேண்டியது: பிய்த்து எடுக்காதீர்கள், நகத்தின் மேல்படலமும் சேர்ந்து வரும். பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை போடுங்கள். இரவில் க்யூட்டிகிளில் ஒரு சொட்டு எண்ணெய் தேயுங்கள், வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயே போதும். ஏழு நாளுக்குள் தானாகத் தூக்கினால் இலவசமாகச் சரிசெய்து தருகிறேன், கதவில் இடித்து உடைந்தால் விரலுக்கு இவ்வளவு. மூன்றாம் நாள் 'எப்படி இருக்குங்க?' என்று ஒரு வரி கேளுங்கள். குறை இருந்தால் அது உங்களிடம் வரும், பக்கத்து வீட்டுக்குப் போகாது.

அழைத்து வந்தவருக்கு நன்றியாகத் தள்ளுபடி கொடுப்பதைவிட, அடுத்த தடவை இரண்டு விரலில் ஆர்ட் இலவசமாகப் போட்டுவிடுங்கள். உங்களுக்குப் பத்து நிமிடம். 'யார் போட்டது' என்று அடுத்தவர் கேட்பதற்கு அந்த இரண்டு விரலே காரணமாகும்.

படி 8: வராமல் போகிறவர்கள்

வாரத்துக்கு எட்டே இடம் இருப்பவருக்கு ஒருவர் வராமல் போனால் எட்டில் ஒரு பங்கு வருமானம் போச்சு. அதனால் 200 ரூபாய் அட்வான்ஸ், யூபிஐயில், புக்கிங்கின்போதே. முந்தைய நாள் நினைவூட்டல். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அட்வான்ஸ் கிடையாது, 20 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஆர்ட் கிடையாது, பிளெயின் மட்டும். சொந்தக்காரர்களுக்கும் இதேதான். அவர்களுக்குத் தளர்த்தினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர்களே உட்கார்ந்திருப்பார்கள்.

பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு நீங்கள் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போடச் சொல்கிறவர் வாடிக்கையாளர் அல்ல.

படி 9: கல்யாணப் பெண்ணும் மாதங்களும்

பிரைடல் வேலையில் நல்ல காசு. ஆனால் கல்யாணப் பெண் உங்கள் முப்பதில் ஒருவராக ஆவது அபூர்வம். கல்யாணம் முடிந்து பெங்களூரோ துபாயோ போய்விடுவார். திரும்பி வரப்போவது அவர் அக்கா, சித்தி மகள், ஆபீஸ் தோழி. அதனால் பெண்ணுக்குச் செய்யும் நாளில் கூட வருகிறவர்களுக்கும் பிளெயின் ஜெல் விலையில் இடம் ஒதுக்கி வையுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை இரண்டு விஷயம். எக்ஸ்டென்ஷனை மெகந்திக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அசிட்டோனும் ஃபைலிங் தூசியும் மெகந்தி நிறத்தை மங்கடிக்கலாம். நகத்தின் மேல் விழுது படாமல் பார்த்துக்கொள்ள மெகந்திக்காரரிடமும் சொல்லிவையுங்கள். பாட்டி விரல் நுனியில் மருதாணித் தொப்பி வைத்தே ஆக வேண்டும் என்றால் அது முடிந்த பிறகு சாதாரண நீளத்தில் பாலிஷ் மட்டும். இரண்டாவது, பட்டுப்புடவை. ஒட்டிய கல்லும் சொரசொரப்பான ஓரமும் ஜரிகையை இழுக்கும். முடித்த பிறகு ஒவ்வொரு நகத்தையும் துண்டுத் துணியில் உரசிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் கல்யாணம் இருக்காது. கல்யாணத்தை நம்பி இருப்பவர்களுக்கு அவை வறண்ட மாதங்கள், முறையாக வரும் முப்பது பேர் இருப்பவருக்கு அவ்வளவு தெரியாது. புரட்டாசியிலேயே நவராத்திரி பெரும்பாலும் வந்துவிடும், மார்கழியில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரத்துக்கு ஒரு மாதம் முன்பே புக்கிங் திறந்து, பழைய வாடிக்கையாளர்களுக்கு முதலில் சொல்லுங்கள். புதியவர்களுக்கு மிச்சம் இருப்பதைக் கொடுங்கள்.

படி 10: கணக்கும் காகிதமும்

ஒரு நோட்டு அல்லது ஷீட்டில் ஏழு கட்டம்: பெயர், தேதி, என்ன செய்தது, ஷேட் நம்பர், ஒவ்வாமை ஏதும் உண்டா, யார் மூலம் வந்தார், அடுத்த தேதி. மாதக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி: முதல் தடவை வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தார்கள்? பத்துக்கு ஐந்து பேர் வந்தால் ஆள் சேர்ப்பதில் இறங்குங்கள். இரண்டு பேர்தான் என்றால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, வராத எட்டுப் பேரில் மூன்று பேரையாவது கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளங்கள் தரகர்களுடையவை. சிறுதொழில் கடனுக்கான முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு, ஆனால் ஒரு லேம்ப்பும் ஈ-ஃபைலும் (நகம் தேய்க்கும் மின்கருவி) பதினைந்து ஷேடும் வாங்கக் கடன் எடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை.

டைரி நிரம்பிய பிறகு

புதிதாகக் கேட்பவர்களை 'இடம் இல்லை' என்று அனுப்பாமல் காத்திருப்புப் பட்டியலில் போடுங்கள், புதியவர்களுக்கு 100 ரூபாய் கூட்டிச் சொல்லுங்கள். பழையவர்களுக்கு விலை ஏற்றுவதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், தைப் பொங்கல் முடிந்த கையோடு ஏற்றுவது எல்லோருக்கும் எளிது. அதே ஏரியாவில் இன்னொரு நெயில் டெக்னீஷியனோடு பழகி வையுங்கள். நீங்கள் பத்து நாள் ஊருக்குப் போகும்போது உடைந்த நகத்தோடு போன் செய்கிற வாடிக்கையாளரை அவரிடம் அனுப்பலாம், அவர் லீவில் இருக்கும்போது அவருடையவர்கள் உங்களிடம் வருவார்கள். யாருடைய ஆளை யாரும் பிடித்துக்கொள்வதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.